முகப் பாடத்தில் இருபத்தொன்பது

டொக். டொக். டொக்.

அந்தக் கண்டக்டர் சில்லறையால் கம்பியைத் தட்டினாரே, அதைக் கேட்டதும் ஞாபகம் வந்துவிட்டது. மர ஸ்கேல் பெஞ்சில் விழும் சத்தம். அறுபது வருடத்துக்கு முந்தைய சத்தம், இன்னும் காதில் இருக்கிறது. ஸ்கேல் என் கையில். ஒரு எழுத்துத் தவறினால் ஒரு டொக். அவள் கையில் நான் அடித்ததே இல்லை, பெஞ்சில்தான் தட்டுவேன். ஆனாலும் ஒவ்வொரு தட்டுக்கும் அவள் தோள் ஏறி இறங்கும்.

அவள் என்றால் என் தங்கை தையல்நாயகி. மூன்றாம் வகுப்பு. நான் ஐந்தாம் வகுப்பு. அப்பா தபாலாபீஸிலிருந்து வருவதற்குள் ஒரு பக்கம் படிக்க வைக்க வேண்டும் என்பது எனக்கு இட்ட வேலை. ஒரு பக்கம் எங்கே, ஒரு வரி தேறாது. எழுத்தைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், மறுபடி எழுத்தைப் பார்ப்பாள். நேற்றுப் படித்த அதே சொல்லாக இருக்கும். இன்றைக்குப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். அப்பா அவளை மரமண்டை என்பார். என்னைக் கூப்பிட்டு, வந்தவர்களுக்குச் செய்யுள் சொல்லிக் காட்டச் சொல்வார். நான் ராகம் போட்டுச் சொல்வேன். எனக்குக் காது நல்ல காது. ஒரு தடவை கேட்டால் போதும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அப்போது ஊரில் யாரைக் கேட்டாலும் மங்கையர்க்கரசிதான் கெட்டிக்காரி என்று சொல்லியிருப்பார்கள். பிறகு எப்படி மாறிப்போனது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நான் எம்.ஏ. முடித்து மாயவரத்திலேயே பெண்கள் கல்லூரியில் தமிழ் விரிவுரையாளர் ஆனேன். அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றாள். மாயவரம் ஜங்ஷன் எதிரில் சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருந்தவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் சீக்கிரமே போய்விட்டார். ஸ்டாண்டை அவளே எடுத்து நடத்தினாள்.

எல்லா ஸ்டாண்டிலும் டோக்கன் கொடுப்பார்கள் இல்லையா? பாதியைக் கிழித்து வண்டியில் மாட்டுவார்கள், பாதியை உங்கள் கையில் கொடுப்பார்கள். தையல்நாயகி ஸ்டாண்டில் டோக்கனே கிடையாது. அவளால் நம்பரை ஒழுங்காகப் படிக்க முடியாது, அதனால் கிடையாது. ஆனால் ஊரில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "அந்தம்மாவுக்கு டோக்கனே வேணாங்க, மூஞ்சியைப் பாத்தாலே வண்டியை எடுத்துக் குடுத்துரும்." இருநூறு முந்நூறு சைக்கிள். காலையில் கும்பகோணம் வேலைக்குப் போகிறவன் சாயங்காலம் வந்து இறங்கினால், கேட்டைத் தாண்டுவதற்குள் அவன் வண்டி வெளியே நிற்கும். படிப்பு இல்லாத குறைக்குக் கிடைத்த பெயரைப் பாருங்கள்! நான் பத்து வருடம் ராத்திரி பகலாகப் படித்து வாங்கிய எம்.ஏ.வுக்கு அந்தப் பெயர் இல்லை.

எனக்குக் கல்லூரியில் என்ன பெயர் தெரியுமா? சிலை. தெருவில் பிள்ளைகள் எதிரே வந்து வணக்கம் சொன்னால் நான் சிரிக்க மாட்டேனாம். நான் மனதுக்குள் செய்யுள் ஓட்டிக்கொண்டு நடப்பவள். வகுப்பில் எல்லோரையும் எனக்குத் தெரியும். மூன்றாம் பெஞ்சு ஜன்னலோரம் மல்லிகா. கடைசி பெஞ்சு கீச்சுக் குரல் ஜெபமணி. இடம் மாறி உட்கார்ந்தால் யாருக்குத்தான் குழப்பம் வராது?

இதில் தையல்நாயகி வேறு. கல்யாணம், வளைகாப்பு எங்கே போனாலும் என் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொள்வாள். யாராவது என்னை நோக்கி வந்தால் எனக்கு முன்னால் முந்திக்கொண்டு கத்துவாள். "வாங்க கோமதி டீச்சர், எங்கக்காவைப் பாக்க வந்தீங்களா? வாங்க பேங்க் மாமா, பொண்ணுக்குக் கொழந்தை பொறந்துச்சாமே!" எல்லோரையும் எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்கிற அல்பம். என்னைப் பார்க்க வந்தவர்கள் அவளோடு பேசிவிட்டுப் போவார்கள். நாற்பது வருடம் இதைப் பொறுத்துக்கொண்டேன்.

அதையெல்லாம்கூட விட்டுவிடலாம்மா. என் மகளை எடுத்துக்கொண்டாளே, அதைச் சொல்கிறேன்.

எழிலரசி, எனக்கு ஒரே பெண். எண்பத்து மூன்றாம் வருடம், அவளுக்கு ஐந்து வயது. அம்மை போட்டு இறங்கியதற்கு என் மாமியார் வைத்தீஸ்வரன் கோயிலில் முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டிருந்தார். எனக்கு அன்றைக்கு விடைத்தாள் திருத்தும் வேலை, போக முடியவில்லை. மாமியாரும் என் வீட்டுக்காரரும் கூட்டிப் போனார்கள். நாத்தனார் தன் இரண்டு பெண்களோடு வந்தாள். போனதும் போனோம் என்று மூன்று பேருக்கும் மொட்டை. மாமியார் ஒரே துணி எடுத்து மூன்று பேருக்கும் ஒரே மாதிரி கவுன் தைத்திருந்தார். அது அந்த வீட்டு வழக்கம்.

சாயங்காலம் பாசஞ்சர் வண்டியில் வந்து இறங்கினார்கள். நான் கல்லூரியிலிருந்து நேராகப் பிளாட்பாரத்துக்குப் போனேன். மூன்று குழந்தைகள், மூன்று மொட்டை, தலை முழுக்கச் சந்தனம், ஒரே கட்டம் போட்ட கவுன். நான் ஆசையாக ஓடிப் போய் ஒன்றைத் தூக்கினேன். கன்னத்தில் முத்தம் கொடுத்தேன். "என் கண்ணே, வலிச்சுதா?" என்று கேட்டேன்.

அது நாத்தனார் மகள்.

எழில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த நேரம் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கம் ஸ்டாண்டிலிருந்து ஒரு குரல். "ஏ எழிலு! ஏ மொட்டச்சி! சித்திகிட்ட ஓடியா!" அவ்வளவு தூரத்திலிருந்து! குழந்தை ஓடியது. எல்லோரும் சிரித்தார்கள். மாமியார், "பெத்தவளுக்கு அடையாளம் தெரியலையாம், சைக்கிள் ஸ்டாண்டுக்காரிக்குத் தெரியுது" என்றார். என் வீட்டுக்காரர், "படிச்சவ இல்லையா, அப்படித்தான்" என்றார்.

நீங்களே சொல்லுங்கள். முடி இல்லை, சந்தனம் வேறு, ஒரே துணி. எந்தத் தாய்க்குத் தெரியும்?

என்ன? தெரியுமா? சரி. உங்களுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு எழில் பள்ளிக்கூடம் விட்டால் நேராக ஸ்டாண்டுக்குப் போக ஆரம்பித்தாள். சாக்கை விரித்து அங்கேயே வீட்டுப்பாடம். யாருக்குப் படிக்கத் தெரியாதோ அவள் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பு! எம்.ஏ.வில் முதல் வகுப்பில் தேறிய தமிழ் ஆசிரியை நான், வீட்டில் தனியாக உட்கார்ந்து யார் யாருடைய பிள்ளைகளின் விடைத்தாளையோ திருத்திக்கொண்டிருப்பேன்.

அவளுக்குப் பதினைந்து வயதில் ஒரு நாள் வந்து சொன்னாள். "இன்னைக்குப் பட்டமங்கலத் தெருவுல ஒன் முன்னாடி மூணு தடவை நடந்தேம்மா. சாந்தியோட தாவணியைக் கட்டிக்கிட்டு, தலையைப் பின்னாம கொண்டை போட்டுக்கிட்டு. மூணு தடவை. நீ என்னை ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கல."

நான் என்ன சொன்னேன் என்று கேட்கிறீர்களா? "வயசுப் பொண்ணு தெருவுல மூணு தடவை எதுக்கு நடக்கறே?" என்றேன்.

அவ்வளவுதான். அதன்பிறகு வேண்டியதற்கு மட்டும்தான் பேசுவாள். வங்கி வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, சேலம் போனாள். தீபாவளிக்கு எனக்கு ஒரு போன். சித்திக்கு நாள் தவறாமல் ஒரு போன்.

நாமக்கல் வந்துவிட்டதா? பத்து நிமிடம் நிற்குமாம். போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். இடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இல்லைம்மா, இந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது. ஒரு அம்மா டீ குடிக்கப் போயிருக்கிறார்கள். பின்னால் காலியாக இருக்கிறது பாருங்கள்.

அட, நீங்கள்தானா! குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியையும் கழற்றிவிட்டு வந்தால் எப்படித் தெரியும்? உட்காருங்கள், உட்காருங்கள். பஸ்ஸில் வெளிச்சமும் சரியில்லை.

எதுவரை சொன்னேன்? சரி. போன வருடம் நடந்ததைச் சொல்கிறேன்.

தையல்நாயகிக்கு மகள் வழியில் ஒரு பேத்தி, வர்ஷினி, மாயவரத்திலேயே மூன்றாம் வகுப்பு. அப்படியே பாட்டி. பேச்சில் வாய் மூடாது, புத்தகத்தைப் பிரித்தால் வாய் திறக்காது. சென்னையில் மனமும் மூளையும் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராய்கிற ஒரு நிலையத்திலிருந்து நஸ்ரின் என்று ஒரு டாக்டர் அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். சின்னப் பெண், நல்ல கணீரென்ற குரல். வாசிப்பதில் தடுமாறுகிற பிள்ளைகளைப் பார்ப்பது அவள் வேலை. அது சோம்பேறித்தனமும் இல்லை, புத்திக் குறைவும் இல்லையாம். குடும்பத்தில் வழிவழியாக வருவதும் உண்டாம். அதனால் வீட்டில் இருப்பவர்களையும் சோதிக்க வேண்டும் என்றாள்.

இன்னொன்றும் சேர்த்துப் பார்க்கிறாள். எழுத்தை அடையாளம் கண்டுகொள்ளும் இடமும் முகத்தை அடையாளம் கண்டுகொள்ளும் இடமும் மூளையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றனவாம். ஒன்றில் தடுமாறுகிறவர்கள் மற்றதிலும் தடுமாறுவார்களா, இரண்டும் தனித்தனியா என்பதுதான் அவள் கேள்வி. அதற்கு அதே குடும்பத்தில் நன்றாக வாசிக்கிற ஒருவர் வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க.

தையல்நாயகி சொல்லியிருக்கிறாள்: "எங்கக்கா இருக்காங்க டாக்டர். காலேஜ்ல தமிழ் வாத்தியார். அவங்கள அவசியம் கூப்பிடுங்க."

நான் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். பின்னே? ஒப்பிடுவதற்கு என்னை வைக்கிறார்கள் என்றால் நான்தானே அளவுகோல்.

முதலில் வாசிப்பு. ஒரு பத்தி கொடுத்தார்கள், நிமிடத்தில் முடித்தேன். பிறகு பொருளே இல்லாத சொற்கள், பழக்கத்தால் படிக்கிறோமா எழுத்தைப் பார்த்துப் படிக்கிறோமா என்று தெரிந்துகொள்ள. அதையும் ஓசை பிசகாமல் படித்தேன். நஸ்ரின் சிரித்து, "பாட்டு மாதிரி இருக்கும்மா" என்றாள். தையல்நாயகி அதே பத்திக்கு ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டாள். நெற்றியெல்லாம் வியர்வை. புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுபது வயதுக்கு மேல் இப்படி ஒரு சந்தோஷம். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் நீங்கள் சேலத்தில் இறங்கிப் போய்விடுவீர்கள்.

பிறகு முகம். கம்ப்யூட்டரில் ஒரு முகத்தைக் காட்டுவார்கள். முடி, காது, பொட்டு, நகை எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு, வெறும் முகம். முட்டை மாதிரி. அது மறைந்ததும் மூன்று முகம் வரும். முன்னால் பார்த்தது எது என்று தொட வேண்டும். அறுபது கேள்வி.

தையல்நாயகி பக்கத்து மேஜையில். விளையாடுவதுபோல் தொட்டுக்கொண்டே போகிறாள், நடுவில் பேச்சு வேறு. "இந்தப் பொண்ணு மொதல்லயே வந்துச்சே, மூக்குல கோவத்தோட! இதோ, இது அதுக்கு அக்கா தங்கச்சி மாதிரி, ஆனா அது இல்ல." எனக்கு மூன்றும் ஒரே முட்டை. நான் யோசித்து யோசித்துத் தொட்டேன். கண் எரிந்தது.

மதிப்பெண் வந்தது. தையல்நாயகி ஐம்பத்தெட்டு. நான் இருபத்தொன்பது.

"கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டாலே இருபது வரும்மா" என்றாள் நஸ்ரின், ரொம்ப மெதுவாக.

"முடி இல்லாம முகம் என்ன முகம்? சோதனை தப்பு" என்றேன்.

அந்தப் பெண் என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். சின்ன வயதிலிருந்து நடந்ததையெல்லாம் கேட்டாள். சினிமா பார்த்தால் கதாநாயகி புடவை மாற்றியதும் குழம்புமா? குழம்பும். வீட்டுக்காரர் இருந்தவரை அவரைக் கூட்டத்தில் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? இருமலை வைத்து. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்: "இது உங்களுக்குப் பிறவியிலேயே இருந்திருக்கும்மா. கண் பார்வை நல்லா இருக்கும், ஞாபகம் நல்லா இருக்கும், முகம் மட்டும் பதியாது. நிறைய பேருக்கு இருக்கு, தெரியாமலே வாழ்ந்துடறாங்க."

"நான் நிறையப் படிச்சேன். முகத்துக்கான இடத்தையும் எழுத்துக்குக் குடுத்துட்டேன் போல" என்றேன். எனக்கு அந்த எண்ணம் பிடித்திருந்தது.

"இல்லம்மா. படிச்சதால வந்ததுன்னு சொல்ல முடியாது. உங்க தங்கச்சிக்கு முகம் நல்லாப் பதியறதும் படிக்காததால இல்ல. அது அவங்ககிட்ட இருக்கற ஒண்ணு." அதையும் பறித்துவிட்டாள். பிறகு ஒரு தாள் கொடுத்தாள். "இதை உங்க மகள்கிட்ட காட்டுங்க. அவங்களுக்குத் தெரியணும்."

தாளில் எல்லாம் இருந்தது. என்ன குறை, எப்படி வரும், இதில் அன்புக்கும் அக்கறைக்கும் சம்பந்தமில்லை என்பது வரைக்கும் தமிழில் நன்றாக எழுதியிருந்தார்கள். ஒரு ஒற்றுப் பிழைகூட இல்லை. அந்த ஒரு தாளை எழிலிடம் நீட்டியிருந்தால் போதும். முப்பது வருடத்துப் பேச்சை மிச்சம் வைக்காமல் பேசியிருக்கலாம். எனக்குத் தெரியாமல் இல்லை.

ஆனால் கீழே ஒரு கட்டம் போட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் தங்கை, ஐம்பத்தெட்டு. அந்தப் பக்கம் நான், இருபத்தொன்பது. அதை எழில் பார்க்க வேண்டுமா? அவள் சித்தியைப் பற்றி நினைத்ததெல்லாம் சரிதான் என்று நானே முத்திரை குத்திக் கொடுக்க வேண்டுமா? கத்தரிக்கோலால் அந்தக் கட்டத்தை மட்டும் வெட்டப் பார்த்தேன். பின்பக்கமும் எழுத்து இருந்தது. மடித்துப் பீரோவில் வைத்துவிட்டேன். எட்டு மாதம்.

தையல்நாயகிக்கும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறார்கள். நானே எழிலிடம் காட்டுவேன் என்று அந்த எட்டு மாதமும் பார்த்திருந்துவிட்டு, பிறகுதான் அதை வெளியே எடுத்திருக்கிறாள். அவளுக்கு யார் படித்துக் காட்டுவார்கள்? வண்டி விட வருகிறவர்கள்தான். ரயில்வே கிளார்க் ஒருவர், ஒரு கையில் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு ஸ்டாண்டில் நின்றே உரக்கப் படித்திருக்கிறார். என் மதிப்பெண் ஜங்ஷன் முழுக்கத் தெரிந்துவிட்டது. அவள் அன்றைக்கே எழிலுக்குப் போன் செய்துவிட்டாள்.

அந்த வாரம் சனிக்கிழமை காலையில் அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தேன். வாசலில் குட்டையாக முடி வெட்டிக்கொண்ட ஒரு பெண்மணி. கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவள் என்று நினைத்தேன். "மீட்டர் அந்தப் பக்கம்" என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவள் முந்திக்கொண்டாள். "அம்மா, நான் எழில்."

கவனித்தீர்களா? பெயரைச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் வருகிறாள் பெற்ற மகள்! சித்தி சொல்லிக்கொடுத்திருக்கிறாள். "மொதல்ல பேரைச் சொல்லு, அக்கா பாவம் தடுமாறும்" என்று. "எனக்குத் தெரியாதா?" என்றேன் நான். எழில் அழ ஆரம்பித்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள். ஐந்து வயதுக்குப் பிறகு அவள் என்னைக் கட்டிக்கொண்டது அன்றைக்குத்தான். அவள் தோள் என் தாடைக்கு மேலே இருந்தது. மகள் இவ்வளவு உயரமா என்று ஆச்சரியமாக இருந்தது.

"ஏம்மா சொல்லல? அந்தத் தாள் எங்கே?"

"எங்கயோ போயிடுச்சு."

"பீரோவுல, கல்யாணப் பட்டுக்கு அடியில நீ வச்சிருப்பேன்னு சித்தி சொன்னாங்க."

அங்கேதான் இருந்தது. பாருங்கள், என் மகள் என்னிடம் திரும்பி வந்தாள். ஆனால் யார் அனுப்பி வந்தாள்? என் மன்னிப்பைக்கூட அவள்தான் வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அன்று சாயங்காலமே ஸ்டாண்டுக்குப் போனேன். "எங்கிட்ட கேக்காம எழிலுக்கு எதுக்குச் சொன்னே?" என்றேன்.

அவள் ஒரு ஸ்கூட்டரை நகர்த்திக்கொண்டே சொன்னாள்: "எனக்கு அப்பவே தெரியும்க்கா. பிளாட்பாரத்துல நீ அந்தப் புள்ளையத் தூக்கினப்பவே. ஒன் மூஞ்சில எவ்ளோ ஆசை இருந்துச்சு. வேணும்னு செஞ்சதில்லன்னு தெரிஞ்சுபோச்சு."

"பின்னே நாற்பது வருஷமா ஏன் வாயத் தொறக்கல?"

"ஒங்கிட்ட நான் என்னத்தக்கா சொல்றது? நீ படிச்சவ. பெரிய எடத்துலேருந்து யாராச்சும் வந்து சொன்னா நீ கேப்பேன்னுதான் அந்த டாக்டர்கிட்ட ஒன் பேரச் சொன்னேன்."

எவ்வளவு அழுத்தம் பாருங்கள்.

இந்த வருட ஆரம்பத்தில் ஸ்டேஷனைப் பெரிதாக்க ஸ்டாண்டு இருந்த இடத்தை எடுத்துக்கொண்டார்கள். எழில் போன் செய்தாள். "அம்மா, நீயும் சித்தியும் ரெண்டு பேரும் எங்கிட்ட வந்துடுங்க. கீழ் ரூம் பெருசு, ரெண்டு கட்டில் தாராளமாப் போடலாம்."

நான் தையல்நாயகியிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்றால், "எழில் கூப்பிடறா. கட்டில் ஒண்ணுதான் போட முடியுமாம்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். போகாதே என்று சொல்லவில்லை.

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்படிப் பார்த்தால் என்ன தெரியுமோ அவளுக்கு, எனக்குத் தெரியாது. "நீ போக்கா" என்றாள். "எனக்கு சேலத்துத் தண்ணி ஒத்துக்காது."

தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்றால் நான் என்ன செய்ய முடியும்? எழில் எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். அதே பதில்தான் சொன்னாள். கட்டிலைப் பற்றி எழிலிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவும் எனக்காகச் செய்ததாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள்.

சேலம் நெருங்கிவிட்டது போலிருக்கிறது. எழில் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறேன் என்றாள். மஞ்சள் சுடிதார் போட்டுக்கொண்டு வருவாளாம், வந்ததும் பெயரைச் சொல்கிறேன் என்றாள். இனி என் மகளோடு நான்தான் இருக்கப் போகிறேன். நான் மட்டும்தான்.

அவளா? தையல்நாயகி ஆவடியில் மகன் வீட்டில் இருக்கிறாள். நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. மூட்டு வலியால் அவள் கீழே இறங்குவதில்லை. மகனும் மருமகளும் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போனால் ராத்திரிதான் வருகிறார்கள். அதுவரை அவள் பார்க்க ஒரு முகம் கிடையாது.